அவரும் சுகம்

கோப்பாய், யாழ்ப்பாணம்
பெப்ரவரி 10

அன்புத் தங்கச்சி வித்தியா,

நீயும் யசீகரனும் பிரணவியும் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் சிவானியும் சுகம். அத்தானுக்கு முழங்கால் நோவு. எண்ணெய் பூசச் சொன்னால் பூசமாட்டார், முனகலுக்கு மட்டும் குறைவில்லை.

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று பிரணவி சிரிப்பாள். தொலைபேசியில் நீ "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்கிறாய். இங்கே வீட்டுச் சனம் முழுக்கச் சுற்றி நின்று கேட்கிறது. அதிலே என்னத்தைக் கதைக்கிறது? தபால் கந்தோரில் இருந்துகொண்டு ஊராரின் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்துகிறேன். என் தங்கச்சியின் கடிதம் ஒன்று அந்த மூட்டையில் வரக்கூடாதா?

பிரணவி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படங்கள் கிடைத்தன. பெட்டை என்ன வடிவு! நான் இங்கே அச்சடித்து அனுப்பிய அழைப்பிதழும் ஒரு படத்தில் தெரிகிறது. "திரு. திருமதி யசீகரன் வித்தியா தம்பதிகள்" என்று பொன்னெழுத்தில் போடச் சொன்னது நான்தான். நீங்கள் இருவரும் பிள்ளைக்கு இருபக்கமும் நிற்கிற படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அத்தான் ஃபேஸ்புக்கிலும் போட்டுவிட்டார்.

காரணம் இருக்கிறது. எங்கள் மகள் சிவானிக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வருகிறது. மாப்பிள்ளையின் பெரியப்பா குணரத்தினம் ஐயா, எங்கள் ஊர்ச் சமாதான நீதவான், சத்தியக் கடதாசிகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவர். வீட்டுக்கு வந்தவர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, "குடும்பம் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர்கள் எதையும் துருவிப் பார்க்கிற ஆக்கள். பெண் வீட்டில் பிரிந்தது, முறிந்தது என்று ஒன்றும் இருக்கக்கூடாதாம். எங்களுக்கு என்ன பயம்?

யசீகரனை நான் விசாரித்ததாகச் சொல். அவர் கையால் இரண்டு வரி எழுதச் சொல்.

உன் அக்கா
சோபனா


பிளாக்ஹவுஸ் பே, ஒக்லாந்து
மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோசம். இங்கே நான் சுகம், பிரணவி சுகம், அவரும் சுகம். நான் வேலை செய்கிற மருந்துக்கடையில் முழங்காலுக்கு நல்ல களிம்பு ஒன்று இருக்கிறது. அத்தானுக்கு அனுப்புகிறேன்.

சிவானியின் செய்தி கேட்டுப் பிரணவி துள்ளிக் குதித்தாள். என்ன உடுப்பு உடுப்பது என்று இப்போதே இங்கிலீசில் என்னோடு சண்டை.

அக்கா, ஒரு உதவி. அத்தானிடம் சொல்லி அந்தப் படத்தை ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்துவிடுங்கோ. சுவரில் இருப்பது இருக்கட்டும்.

வரிக் கந்தோரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. இங்கே பிள்ளை வளர்க்கிற குடும்பங்களுக்கு வரிக் கந்தோர் மூலமாக ஒரு உதவி வரும். அதிலேதான் எங்கள் வாடகை ஓடுகிறது. வரி எடுக்கும்போது இந்த நாட்டில் ஒவ்வொருவரும் தனி ஆள். புருசனின் வரி புருசனுக்கு, பெண்சாதியின் வரி பெண்சாதிக்கு. உதவி என்று வந்தால் மட்டும், சோடியாக இருப்பவர்களின் சம்பளத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். எடுக்கும்போது தனி, கொடுக்கும்போது சோடி. எங்கள் குடும்பநிலை பற்றி அவர்களுக்கு இப்போது ஏதோ சந்தேகமாம். விளக்கம் கேட்கிறார்கள்.

யாரோ எங்கள் ஆக்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். எங்கள் ஆக்களின் கடைகள் இருக்கிற சான்ட்ரிங்ஹாமில் மரக்கறி வாங்கப் போனேன். கடைக்காரர் "என்ன, கனநாளாய்க் காணேல்லை" என்று சாதாரணமாய்த்தான் கேட்டார். எடுத்த வெண்டிக்காயை வைத்துவிட்டு வந்து பஸ் ஏறினேன்.

பெரிய விசயம் ஒன்றுமில்லை. நீங்கள் யோசிக்கவேண்டாம். படத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கோ.

என்றும் உங்கள்
வித்தியா


பிளாக்ஹவுஸ் பே
மார்ச் 5
(எழுதி, அனுப்பாமல் வைத்தது)

அக்கா,

"அவரும் சுகம்" என்று எழுதினேன். அவர் சுகமோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவர் இந்த வீட்டில் இல்லை. மூன்று வருடமாக இதே ஊரில், மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு அறை எடுத்து இருக்கிறார்.

அவர் குடிகாரன் இல்லை, வேறு பெண்ணும் இல்லை. கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். முதலில் கோப்பை, பிறகு கதிரை. பிறகு என் தோள். ஒருநாள் வேலையால் வந்து பிரணவியின் அறைக் கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. பிள்ளை கதவுக்குப் பின்னால் கதிரையை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்திருந்தாள். அவளுக்கு அப்போது பத்து வயது. அந்தக் கிழமையே அவரைப் போகச் சொன்னேன். போனார்.

வரிக் கந்தோருக்கு அப்போதே உண்மையைச் சொன்னேன், பிரிந்துவிட்டோம், பிள்ளையோடு தனியே இருக்கிறேன் என்று. இங்கிலீசில் சொல்வதற்கு எனக்கு வெட்கம் வரவில்லை. உங்களுக்குத் தமிழில் சொல்லத்தான் வாய் வரவில்லை. சாமத்தியவீட்டுக்குத் தகப்பன் வேண்டும் என்றீர்கள், அழைப்பிதழும் வந்து இறங்கிவிட்டது. கூப்பிட்டேன், பட்டு வேட்டியோடு வந்து நின்றார். அன்றைக்கு நல்ல மனுசனாகத்தான் இருந்தார்.

நேற்று வாசலில் வந்து நின்றார். தனக்கும் கந்தோரிலிருந்து கடிதமாம். "சனம் முழுக்க நாங்கள் சேர்ந்து இருக்கிறம் எண்டுதான் நினைக்குது. கந்தோரும் அப்பிடி முடிவெடுத்தால், நான் ஏன் வெளியில வாடகை கட்டிக்கொண்டு கிடக்கவேணும்? வீட்டுக்கு வாறன்" என்றார். முடியாது என்றேன். "அப்ப உன்ர அக்காவுக்கு நானே எடுத்துச் சொல்லட்டோ? சிவானியின்ர கலியாணம் முடியட்டும் எண்டெல்லோ பாக்கிறன்" என்று மெல்லச் சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

இதை அனுப்பினால் அந்தப் படத்தை நீங்கள் சுவரிலிருந்து இறக்கவேண்டி வரும். குணரத்தினம் ஐயா ஏன் என்று கேட்பார்.


கோப்பாய்
மார்ச் 26

அன்பின் வித்தியா,

களிம்பு வந்தது. அத்தான் இரண்டு முழங்காலுக்கும் பூசிவிட்டுச் சின்னப்பெடியன் மாதிரித் திரிகிறார். உங்கள் மூவரின் சுகத்துக்கும் வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்தேன், யசீகரனின் நட்சத்திரத்தையும் சொல்லி.

உன் கடிதத்தை மூன்றுதரம் வாசித்தேன். கந்தோர்க்காரன் உன் குடும்பநிலையைச் சந்தேகிக்கிறானா? அவனுக்கு என்ன துணிவு? முறைப்படி எழுதி, தாலி கட்டி, ஊர்கூடி நடந்த கலியாணம். நீ ஏன் தனியே நின்று மல்லுக்கட்டுகிறாய்? புருசனை முன்னுக்கு விடு. ஆம்பிளை வந்து இரண்டு வார்த்தை கதைத்தால் அடங்கிப்போவான்கள்.

ஃபேஸ்புக்கில் போட்ட படத்தை எடுக்க முடியாது. மாப்பிள்ளையின் தாய் அதற்குக் கீழே பூவும் கும்பிடும் போட்டிருக்கிறா. இப்போது எடுத்தால் கண் மூக்கு வைத்துக் கதைப்பார்கள்.

யசீகரன் இரண்டு வரி எழுதுவார் என்று பார்த்தேன். என்ன அவ்வளவு வேலையோ?

சோபனா


பிளாக்ஹவுஸ் பே
ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அவருக்கு வேலை கூட, அதுதான் எழுதவில்லை.

இங்கே தேர்தல் வருகிறது. போன சனிக்கிழமை ஒரு கட்சியின் ஆக்கள் கதவைத் தட்டினார்கள். தாங்கள் வந்தால் குடும்பங்களுக்கு வரியைக் குறைப்பார்களாம். கதவைத் தட்டிய சத்தத்துக்கே பிரணவி அறைக்குள் ஓடிவிட்டாள். அவர்கள் போனபிறகு வந்து, நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குடும்பக் கணக்கில் வருவோமா என்று இங்கிலீசில் கேட்டாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்று பிறகு சொல்கிறேன்.

அக்கா, வரிக் கந்தோரில், என் நிலைமையை அறிந்த இரண்டு பேர் எழுதித் தருகிற சாட்சி கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சாந்தகுமாரி, மதுரைப் பிள்ளை, எழுதித் தருகிறேன் என்றாள். "ஆமாக்கா, கண்ணால பாக்குறதத்தான எழுதப்போறேன், அதுக்கு எதுக்கு இப்படி நடுங்குறீங்க?" என்கிறாள். மற்றவர் என் குடும்பத்தில் ஒருவராக இருந்தால் நல்லதாம். உங்களை விட்டால் எனக்கு வேறு யார்? கந்தோரின் முகவரியையும் என் இலக்கத்தையும் கீழே எழுதியிருக்கிறேன். என்ன எழுதவேண்டும் என்று அடுத்த கடிதத்தில் விவரமாகச் சொல்கிறேன். அதுவரை ஒன்றும் அனுப்பவேண்டாம்.

உங்கள்
வித்தியா


கோப்பாய்
மே 19

என் செல்லத் தங்கச்சி,

உன் அடுத்த கடிதம் இன்னும் வந்து சேரவில்லை. தினமும் மூட்டையைக் கொட்டியவுடன் உன் கையெழுத்தைத்தான் தேடுகிறேன். சுகமில்லாமல் இருக்கிறாயோ? யசீகரனாவது ஒரு சொல் எழுதியிருக்கலாம்.

இனி நீ பயப்படத் தேவையில்லை. நீ சொல்லித்தானா எனக்குத் தெரியவேண்டும்? நானே குணரத்தினம் ஐயாவிடம் போனேன். மனுசன் விசயத்தைக் கேட்டவுடன் கொதித்துப்போனார். "எங்கட பிள்ளையை வாழாவெட்டி எண்டோ சொல்லுறாங்கள்?" என்று தானே இங்கிலீசில் ஒரு சத்தியக் கடதாசி அடித்துத் தந்தார். நீயும் யசீகரனும் கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு நாளும் பிரியாமல், ஒரே வீட்டில், ஒற்றுமையாக வாழ்கிறீர்கள் என்று நான் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தேன். சாமத்தியவீட்டுப் படத்தையும் அழைப்பிதழையும் சேர்த்து, நீ தந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் நானே முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை கொழும்பால் வெளிக்கிட்டிருக்கும்.

இனி ஒருத்தரும் உன்னை ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். யசீகரனுக்கும் சொல், அக்கா பார்த்துக்கொண்டா என்று.

உன் சுகமே என் சுகம்.
சோபனா


பிளாக்ஹவுஸ் பே
ஜூன் 8

அக்கா,

சுகம் விசாரித்து எழுத எனக்கு இன்று முடியவில்லை, மன்னியுங்கோ.

உங்கள் கடிதத்தை வாசித்தவுடன் தொலைபேசி எடுத்தேன். நீங்கள் எடுத்தீர்கள். "மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கினம், ஐயாவோட ஒரு சொல்லுக் கதை" என்று கொடுத்துவிட்டீர்கள். அவர் கடதாசி கிடைத்ததா என்று கேட்டார். நான் ஓம் ஐயா, ஓம் ஐயா என்றுவிட்டு வைத்துவிட்டேன். வைத்துவிட்டு நிலத்தில் இருந்துகொண்டு அழுதேன்.

யசீகரன் என்னோடு இல்லை. மூன்று வருடமாக இல்லை. அடிப்பார், அக்கா. நான்தான் போகச் சொன்னேன். மார்ச் மாதம் உங்களுக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தை இதோடு வைக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது.

பிரிந்து, தனியே பிள்ளை வளர்க்கிறேன் என்றுதான் கந்தோருக்குச் சொன்னேன். அது உண்மை. உங்களுக்கு எழுதினதுதான் பொய். இப்போது நீங்கள் என் பொய்யைச் சத்தியம் செய்து அவர்களுக்கு அனுப்பிவிட்டீர்கள். கூடப்பிறந்தவளே சொல்லும்போது என்னை யார் நம்புவார்கள்? வாங்கின உதவி எல்லாம் திருப்பிக் கட்டவேண்டும், கள்ளி என்ற பெயரும் வரும். அதைக்கூட எப்படியாவது தாங்குவேன். கந்தோர் சோடி என்று எழுதிவிட்டால் அவர் பெட்டியோடு வந்து நிற்பார். அவரை வெளியே நிறுத்த என் கையில் வேறு ஒன்றுமே இல்லை.

போன கிழமை பிரணவி மறுபடியும் கதவுக்குப் பின்னால் கதிரையை வைத்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

சிவானிக்கு இதனால் ஏதும் நடந்தால் நான் என்ன செய்வேன்? தெரியவில்லை. ஆனால் எழுதாமல் இருக்க இனி முடியாது.

வித்தியா


பிளாக்ஹவுஸ் பே
ஜூலை 3

அக்கா,

உங்களிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. தொலைபேசியும் எடுக்கிறீர்கள் இல்லை. அத்தானின் முழங்கால் எப்படி?

உங்கள் சத்தியக் கடதாசி கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தது. விசாரிக்கிற அம்மா எனக்கு அழைப்பெடுத்து அதை வரிக்கு வரி வாசித்தா. நல்ல மனுசி, குரலை உயர்த்தவில்லை. "இது உங்கள் அக்காவா?" என்று கேட்டா. ஓம் என்றேன். என் சார்பில் வேறு ஏதும் இருந்தால் இம்மாத முடிவுக்குள் தரலாமாம்.

யார் என்னைக் காட்டிக்கொடுத்தது என்றும் கேட்டேன். ஒருவருமில்லையாம். யசீகரன் தன்னுடைய வரி விவரத்தில் என்னையும் பிள்ளையையும் தன்னோடு இருப்பதாகவே மூன்று வருடமும் வைத்திருந்திருக்கிறார். பிரிந்தோம் என்று எழுத அவருக்கும் வெட்கமாக்கும். அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். நான் சான்ட்ரிங்ஹாம் முழுவதையும் சந்தேகித்தேன்.

நேற்று வேலையால் வர வாசலில் அவருடைய பெரிய பை ஒன்று இருந்தது. "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். இரண்டு நாளாய் மழை. அதை உள்ளே எடுக்கவும் பயம், தூக்கி எறியவும் பயம். பிரணவி பின்கதவால் போய் வருகிறாள்.

திட்டியாவது எழுதுங்கோ.

வித்தியா


கோப்பாய்
ஜூலை 6

வித்தியா,

உன்னைத் திட்டத்தான் இதை எழுதுகிறேன். மோட்டுப் பெட்டை. மூன்று வருடம்! அந்த மனுசனின் நட்சத்திரத்துக்கு நான் அர்ச்சனை செய்திருக்கிறேன். அவர் சுகம், அவர் சுகம் என்று எழுதினாயே, அவர் என்ன சாப்பிட்டார், எதற்குச் சிரித்தார் என்று ஒருநாளாவது எழுதினாயா? ஊராரின் கடித உறையைத் தொட்டே உள்ளே நல்லதோ கெட்டதோ சொல்லுவேன் என்று பெருமை பேசுகிறவள் நான். உன் தோளைப் பற்றி எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

எட்டு நாள் நான் ஒருத்தருடனும் கதைக்கவில்லை. உன் அழைப்பையும் எடுக்கவில்லை, எடுத்தால் அழுவேன் என்று. உன்மேல் கோபம், என்மேல் கோபம், கூடுதலாகச் சம்பந்தத்தை நினைத்துப் பயம். மறைக்காமல் சொல்கிறேன், கலியாணம் முடியும்வரை இதை மூடிவைப்போமா என்றுகூட நினைத்தேன். சிவானி உன் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டாள். ஒன்றும் கத்தவில்லை. "அம்மா, சித்திக்கு நடந்ததைச் சொல்ல வெட்கப்படுற வீட்டில, நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தால் நான் ஆருக்குச் சொல்லுறது?" என்று கேட்டாள்.

அன்றைக்கே குணரத்தினம் ஐயாவிடம் போனேன். நான் அறியாமல் பொய்ச் சத்தியம் செய்துவிட்டேன், புதுக் கடதாசி வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். பிறகு அடித்துத் தந்தார், கையெழுத்தும் போட்டார். பேனையை மூடிவிட்டு, "மற்ற விசயம் பிறகு கதைப்பம்" என்றார். பிறகு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சிவானிக்கும் தெரியும். அவள் அந்தக் கடதாசியைப் படமெடுத்து உன் கந்தோருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தாள். மூலத்தை நான் பதிவில் போட்டேன்.

சுவரில் இருந்த படத்தைக் கழற்றினேன். அத்தான் தன் பக்கத்துப் படத்தையும் அழித்துவிட்டார்.

இந்தக் கடித உறையைப் பார். இத்தனை காலம் "திருமதி யசீகரன்" என்று எழுதி அனுப்பினேன். இன்றைக்கு "இராசரத்தினம் வித்தியா" என்று எங்கள் அப்பாவின் பெயரோடு எழுதியிருக்கிறேன். அவனை வீட்டுக்குள் எடுக்காதே. என் பெயரைச் சொல்லி அவன் வெருட்டினால், என்னிடமே கதைக்கச் சொல்.

பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படு.
அக்கா


பிளாக்ஹவுஸ் பே
ஆகஸ்ட் 4

என் அக்காவுக்கு,

இங்கே நானும் பிரணவியும் சுகம். நீங்களும் அத்தானும் சிவானியும் எப்படி என்று அறிய மனம் அந்தரிக்கிறது.

கந்தோரின் முடிவு வந்துவிட்டது. உங்கள் இரண்டாவது கடதாசியையும் சாந்தகுமாரி எழுதியதையும் தாங்கள் கேட்டெடுத்த அவருடைய அறை வாடகைச் சீட்டுகளையும் பார்த்து, நான் சொன்னது சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். வாசித்தபோது சந்தோசம் வரவில்லை, இன்னொருதரம் வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் இன்னொரு பையோடு வந்தார். சங்கிலியைப் போட்டுக்கொண்டு கதவைக் கொஞ்சம் திறந்தேன். கந்தோர் என்ன சொன்னாலும் தான் வரப்போவதாகவும், இல்லையென்றால் இப்போதே கோப்பாய்க்கு அழைப்பெடுப்பதாகவும் சொன்னார். கையில் தொலைபேசி. ஆனாலும் சொன்னேன்.

"எடுங்கோ. அக்காவுக்குத் தெரியும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தார். பிறகு உங்கள் இலக்கத்தை எடுக்காமலே தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். மூன்று வருடமாய் அவர் கையில் இருந்தது அந்த வெருட்டு ஒன்றுதான், அக்கா. நான்தான் அதைக் கொடுத்து வைத்திருந்தேன்.

பிரணவி பின்கதவால் சுற்றிப் போய், வாசலில் நனைந்து கிடந்த அந்தப் பெரிய பையை இழுத்துக்கொண்டுபோய் அவருடைய காரடியில் வைத்தாள். அவர் அவளோடு ஏதோ கதைக்கப் பார்த்தார். அவள் நிற்கவில்லை. கார் போகிற சத்தம் கேட்டபிறகுதான் நான் சங்கிலியைக் கழற்றி அவளை உள்ளே எடுத்தேன்.

பயம் போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசை. இனி உங்களுக்குப் பொய் எழுதமாட்டேன். தெருவில் கார் மெதுவானால் இன்னும் எழுந்து யன்னலால் பார்க்கிறேன். சிவானியின் சம்பந்தம் என்னவானது என்று நீங்களும் மறைக்காமல் எழுதவேண்டும். எதுவானாலும் அவளுக்கு நான் கடமைப்பட்டவள்.

பிரணவியின் அறைக் கதிரை இரண்டு நாளாய்ச் சாப்பாட்டு மேசையடியில் இருக்கிறது. அவளே கொண்டுவந்து வைத்தாள். அதில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அத்தானிடமும் சிவானியிடமும் நாங்கள் இரண்டு பேரும் விசாரித்ததாகச் சொல்லுங்கோ.

இராசரத்தினம் வித்தியா